கட்டைக் கிட்டாரில் கமகம்: மரத்தை விடுங்கள், தந்தியைப் பாருங்கள்

எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கப் போகும் பெங்களூர்த் தமிழர்கள் கடையில் முதலில் கேட்கும் கேள்வி, "இது என்ன மரம்?" வீணைக்குப் பலா, தம்புராவுக்குப் பலா என்று கேட்டே வளர்ந்தவர்களுக்கு அது நியாயமான கேள்விதான். குடம் உள்ள வாத்தியத்தில் மரம்தான் பாதி நாதம். ஆனால் உள்ளே காற்றறையே இல்லாமல் முழுக்கட்டையில் அறுத்தெடுத்த கிட்டாரில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. தந்தி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, அந்த இரண்டு முனையும் அசையாமல் நிற்கின்றனவா, நடுவில் மெட்டுகள் ஒரே மட்டமா, தந்திக்கும், தந்தியின் அசைவை மின்சாரமாக்கும் பிக்கப்புக்கும் இடைவெளி எவ்வளவு என்று பார்ப்பதற்குள் மரத்தைப் பற்றிய கவலை தானாகக் குறைந்துவிடும்.

பிரிட்ஜைக் குதிரை என்றும், ஃப்ரெட்டை மெட்டு என்றும், ட்யூனிங் கீயைப் பிருடை என்றும் எழுதுகிறேன். வீணைக்காரர்கள் புழங்கும் சொற்கள் கிட்டாருக்கும் அப்படியே பொருந்துகின்றன. வீணையில் மேரு இருக்கும் இடத்தில் கிட்டாரில் இருக்கும் சிறு எலும்புத் துண்டை மட்டும் எல்லோரும் நட் என்றே சொல்வதால் அதை அப்படியே விட்டுவிட்டேன்.

பெட்டி ஏன் போனது

பெட்டிக் கிட்டாரில் தந்தியின் அசைவு குதிரை வழியாக மேல்பலகைக்குப் போகிறது. பலகை காற்றை அசைக்கிறது, நாம் கேட்கிறோம். பித்தளை வாத்தியங்களும் டிரம்ஸும் இருக்கும் பெரிய குழுவில் அந்தச் சத்தம் எடுபடவில்லை. சரி, ஒலிபெருக்கலாம் என்று பிக்கப்பை மாட்டினால் அடுத்த தொல்லை வந்தது. ஸ்பீக்கரிலிருந்து வரும் சத்தமே மேல்பலகையை அசைக்கும், பலகை தந்தியை அசைக்கும், பிக்கப் அதை மறுபடி ஸ்பீக்கருக்கு அனுப்பும். சுற்றிச் சுற்றி வந்து ஊளையிடும். அந்த வட்டத்தை அறுக்க வேண்டுமானால் அசைகிற பலகையையே எடுத்துவிட வேண்டும்.

அமெரிக்காவில் ஜார்ஜ் போஷாம்ப் 1931இல் செய்துபார்த்த மாதிரிக் கிட்டார், மடியில் கிடத்தி வாசிக்கும் ஹவாய் வகை. மரத்தில் கடைந்தது. குதிரைலாட வடிவக் காந்தம் இரண்டு, நடுவே கம்பிச் சுருள், தந்திகள் காந்தத்துக்குள்ளேயே புகுந்து போகும். 1932இல் அதை அலுமினியத்தில் வார்த்து விற்க ஆரம்பித்தார்கள். வட்ட உடம்பும் நீளக் கழுத்துமாக இருந்ததால் வாணலி என்று பட்டப்பெயர். பின்னாளில் ரிக்கன்பேக்கர் என்று பெயர் பெற்ற கம்பெனி அதுதான். 1934இல் விண்ணப்பித்த காப்புரிமை 1937இல்தான் கிடைத்தது. வாணலியின் குறை அதன் உலோகத்திலேயே இருந்தது. மேடை விளக்கின் சூட்டில் அலுமினியம் விரியும், சுருதி நகரும். 1935இல் அதே கம்பெனி பேக்கலைட்டில் ஒரு கிட்டார் கொண்டுவந்தது.

1940 வாக்கில் கிட்டார் கலைஞர் லெஸ் பால் செய்தது இன்னும் வெளிப்படையான சோதனை. நான்கு அங்குலத்துக்கு நான்கு அங்குலப் பைன் கட்டை ஒன்று. அதன்மேல் கழுத்து, குதிரை, பிக்கப். பார்ப்பதற்குக் கிட்டார் போல இருக்கட்டும் என்று ஒரு பெட்டிக் கிட்டாரை இரண்டாக அறுத்து இரு பக்கமும் ஒட்டவைத்தார். அந்தப் பக்கவாட்டுத் துண்டுகளுக்கும் ஓசைக்கும் சம்பந்தம் இல்லை. "என்ன மரம்" என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

லியோ ஃபெண்டர் ரேடியோ ரிப்பேர்க்காரர். கிட்டார் வாசிக்கத் தெரியாது. அவர் 1950இல் கொண்டுவந்த எஸ்க்வயர், பிராட்காஸ்டர் என்ற கட்டைக் கிட்டார்கள் ஒரு ரிப்பேர்க்காரரின் சிந்தனை: கழுத்தை ஒட்டாதே, நான்கு ஸ்குருவில் மாட்டு, தேய்ந்தால் கழற்றி வேறு போடு. பிராட்காஸ்டர் என்ற பெயருக்கு கிரெட்ச் கம்பெனி ஆட்சேபம் சொல்லவே 1951இல் அது டெலிகாஸ்டர் ஆனது. அதே ஆண்டு பிரிசிஷன் பேஸ். நிமிர்ந்து நின்று வாசிக்கும் பெரிய டபுள் பேஸை 34 அங்குலத் தந்தி நீளத்தில் தோளில் மாட்டிக்கொள்ளலாம், மெட்டு இருப்பதால் சுரம் தவறாது. 1954இல் ஸ்ட்ராடோகாஸ்டர். இன்றைக்கும் ஒரு ஸ்குருடிரைவர், நான்கு ஆலன் கீ, ஒரு சால்டரிங் அயர்ன் இருந்தால் வீட்டு மேஜையிலேயே இந்தக் கிட்டார்களை முழுக்கக் கழற்றி மாட்டலாம். கிட்டார் பழுது பார்ப்பவர் ஊருக்கு நாலைந்து பேர்தான் என்கிற நம் நிலைமையில் இது பெரிய விஷயம்.

கிப்ஸன் கம்பெனி முதலில் லெஸ் பாலின் கட்டையைப் பொருட்படுத்தவில்லை. ஃபெண்டர் விற்க ஆரம்பித்த பிறகுதான் விழித்துக்கொண்டு 1952இல் லெஸ் பால் பெயரிலேயே ஒன்று வெளியிட்டது. மகோகனி உடம்பு, மேலே மேப்பிள், கழுத்து ஒட்டியது. முதல் மாடலில் கழுத்தின் சாய்வு போதாது. தந்தி மிக உயரமாக நின்றதால் குதிரைக் கம்பிக்கு அடியில் தந்தியைச் சுற்றி ஒப்பேற்றினார்கள். உள்ளங்கையைக் குதிரைமேல் வைத்துத் தந்தியை அமுக்கி வாசிக்க முடியாமல் போனது. சாய்வைக் கூட்டி, 1954 வாக்கில் ஒவ்வொரு தந்திக்கும் தனித்தனியாக நகரும் குதிரையைக் கொண்டுவந்ததும்தான் அது சரியானது. இன்றைய மலிவான நகல்களிலும் இதே கழுத்துச் சாய்வுத் தவறு வருகிறது. வாங்கும்போது குதிரையைப் பாருங்கள். அடிமட்டம் வரை இறக்கியும் தந்தி உயரமாக நின்றால் அந்தக் கிட்டார் வேண்டாம்.

கார்வை கிடைத்தது

தந்தியின் சக்தி பலகைக்கு ஓடிப்போகாததால் அது தந்தியிலேயே தங்குகிறது. ஊளையை நிறுத்தப் போனவர்களுக்குக் கார்வை, அதாவது ஓசை நீடித்து நிற்பது, கைமேல் கிடைத்தது. மேற்கத்தியர்களைவிட நமக்குத்தான் இது அதிகம் வேண்டியிருந்தது.

மாண்டலினைப் பாருங்கள். பெட்டி மாண்டலினில் தந்தி குட்டை. தட்டினால் ஓசை உடனே செத்துவிடும். அதனால்தான் மேற்கத்தியர்கள் விடாமல் மேலும் கீழும் தட்டிச் சமாளிக்கிறார்கள். போதாததற்கு ஜோடி ஜோடியாக எட்டுத் தந்தி. ஜோடியைச் சேர்த்து இழுத்தால் இரண்டும் ஒரே அளவு ஏறாது, பேதம் கேட்கும். மாண்டலின் யு. ஸ்ரீனிவாஸ் எடுத்துக்கொண்டது ஒற்றைத் தந்திகள் ஐந்து பூட்டிய எலெக்ட்ரிக் மாண்டலின். ஒற்றைத் தந்தி என்பதால் இழுப்பு சுத்தம். ஓசை நின்று பேசுவதால் சுரத்தை அசைத்து வளைக்கும் கமகம் முழுவதையும் ஒரே தட்டில் முடிக்க முடிந்தது. தோடி ராகத்தின் அசையும் காந்தாரத்தை மாண்டலினில் கேட்க முடிந்ததற்கு அவர் மேதைமையோடு இந்த இரண்டு மாற்றங்களும் காரணம்.

கிட்டாரிலும் அதேதான். ஆனால் கடையிலிருந்து வரும் கிட்டார், தந்தியை ஒன்றிரண்டு சுரம் இழுக்கிறவர்களுக்காகச் செட் செய்யப்பட்டது. நம் இழுப்பு அதைவிட நீளம். எது எது இடறும் என்று பார்ப்போம்.

முதலில் தந்தி அறுவது. சுருதி அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு ஏற்ப இழுவிசை ஏறும். 648 மி.மீ. தந்தி நீளத்தில், மூன்று கட்டை (E) சுருதியில் கட்டிய 0.010 அங்குலத் தந்தி சுமார் 7.35 கிலோ விசையில் நிற்கிறது. ஒரே மெட்டில் விரலை வைத்து சட்ஜத்திலிருந்து சதுச்ருதி ரிஷபத்துக்கு இழுத்தால் விசை 26 சதவீதம் கூடும். அந்தர காந்தாரம் வரை போனால் 59 சதவீதம். 7.35 இப்போது 11.7 கிலோ. அந்தத் தந்தி புதிதாக இருக்கும்போது தாங்குவதே 13 கிலோ சுமாருக்குத்தான். வியர்வையில் துருவேறிய பழைய தந்தி அங்கேயே அறும்.

மெல்லிய தந்தி போட்டால் அறாது என்று பலர் 0.009க்குப் போகிறார்கள். விரலுக்கு இதமாக இருக்கும், அறுவது குறையாது. தடிமன் குறையும்போது விசையும் குறைகிறது, தாங்கும் சக்தியும் அதே விகிதத்தில் குறைகிறது. ஆக, தந்தியின் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு விழும் பாரம் மாறுவதே இல்லை. அதை மாற்றுவது இரண்டுதான்: தந்தி நீளம், சுருதி. கிப்ஸன் வகையின் 628 மி.மீ. நீளத்தில் பாரம் 6 சதவீதம் குறையும். மூன்று கட்டையிலிருந்து இரண்டு கட்டைக்கு (D) இறக்கினால் 21 சதவீதம் குறையும். அப்படி இறக்கிவிட்டு 0.011 தந்தி போடுங்கள். விசை 7 கிலோவை ஒட்டி நிற்பதால் விரலுக்குப் பழைய பிடிமானம் கிடைக்கும், அந்தர காந்தார இழுப்பிலும் தந்தி பத்திரமாக இருக்கும். எல்லாத் தந்தியும் எப்போதும் குதிரை விளிம்பிலேயே அறுகிறதென்றால் குற்றம் விளிம்பின் கூர்மையில். 600 நம்பர் எமரித் தாளைத் தந்தி போகும் பள்ளத்தில் மெல்ல ஓட்டி மழுக்க வேண்டும்.

அடுத்தது ட்ரெமலோ குதிரை. ஸ்ட்ராடோகாஸ்டர் வகையில் குதிரை ஸ்பிரிங்கின் மேல் மிதக்கிறது. ஒரு பக்கம் தந்திகள், மறுபக்கம் ஸ்பிரிங், நடுவில் சமநிலை. நீங்கள் ஒரு தந்தியை இழுத்தால் குதிரை முன்னால் சாயும், மற்ற ஐந்து தந்தியும் இறங்கும். ராக் வாசிப்பவருக்கு அது அவ்வளவாகத் தெரியாது. தாளத் தந்தி போல கீழ் ச, ப ஒலித்துக்கொண்டிருக்க மேலே கமகம் பிடிப்பவருக்கு சுருதியே அழுங்கிவிடும். சோதிப்பது சுலபம்: கீழ் சட்ஜத்தைத் தட்டிவிட்டு, அது ஒலிக்கும்போதே மேல் தந்தியை நன்றாக இழுங்கள். சட்ஜம் கீழே நழுவுவது காதுக்கே கேட்கும். பின்பக்க மூடியைத் திறந்தால் ஸ்பிரிங் மாட்டிய உலோகக் கட்டியும் அதற்கு இருபுறமும் வெற்றிடமும் தெரியும். கட்டிக்கும் மரச் சுவருக்கும் நடுவே இரு பக்கமும் இடைவெளிக்குச் சரியாக இழைத்த தேக்குத் துண்டைச் செருகிவிடுங்கள். குதிரை நகராது. துண்டு தளர்வாக இருந்தால் விழும், இறுக்கி அடித்தால் குதிரை சாய்ந்துவிடும். சுருதி சேர்த்த நிலையில் கையால் அழுத்தி உள்ளே போகிற அளவுதான் சரி. புதிதாக வாங்குகிறீர்கள் என்றால் மிதக்காத குதிரை உள்ளதையே வாங்கிவிடுங்கள்.

மெட்டுப் பலகையின் வளைவு மூன்றாவது. வீணை மெட்டு நேரான கம்பி, தந்தியை எவ்வளவு தள்ளினாலும் மட்டம் மாறாது. கிட்டார் பலகை குறுக்கே வளைந்தது. பழைய ஃபெண்டர் அளவான 7.25 அங்குல ஆரத்தில் நடுவில் மேடு அதிகம். ஓரத் தந்தியை நடுவுக்கு இழுத்தால் அது மேட்டில் ஏறி மேல் மெட்டுகளில் உரசும், சுரம் தொண்டை அடைத்தது போல நின்றுவிடும். 12 அங்குலமோ 16 அங்குலமோ ஆரம் உள்ள தட்டையான பலகை நமக்கு நல்லது. வளைந்த பலகைதான் கையில் இருக்கிறதென்றால் தந்தியை உயர்த்துவதைத் தவிர வழியில்லை.

உயரம் பற்றி ஒரு வார்த்தை. 12ஆம் மெட்டில் தந்தியின் அடிக்கும் மெட்டின் உச்சிக்கும் 1.6 மி.மீ. என்பது கம்பெனி அளவு. கமகத்துக்கு 1.8 முதல் 2 வரை வைக்கலாம். மிகத் தாழ்வாக இருந்தால் விரல் நுனி தந்தியைப் பிடிக்காமல் வழுக்கும், பக்கத்துத் தந்தி நகத்தின் மேல் ஏறும். எழுத்து புடைக்காத ஏ.டி.எம். கார்டு ஒன்று 0.76 மி.மீ.; இரண்டை அடுக்கி நுழைத்தால் கொஞ்சம் இடம் மிஞ்ச வேண்டும்.

பலகையில் மெட்டுகளுக்கு நடுவே பள்ளம் தோண்டிக்கொள்வதும் உண்டு. விரல் மரத்தைத் தொடாமல் தந்தியை மட்டும் தொடும், இழுப்பு லகுவாகும். எஸ். ராமநாதனிடம் வீணை பயின்ற ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் தன் கிட்டாரில் இதைச் செய்துகொண்டார். அரைவட்ட அரத்தால் ஒவ்வொரு இடைவெளியிலும் 1.5 மி.மீ. ஆழம் போதும். மெட்டின் இரு பக்கமும் ஒன்றரை மில்லிமீட்டர் மரத்தைத் தொடாமல் விடவேண்டும், இல்லாவிட்டால் மெட்டின் பிடிமானம் போகும். மெட்டுகளின் மேல் டேப் ஒட்டாமல் ஆரம்பிக்காதீர்கள். அரம் ஒருமுறை வழுக்கினால் மெட்டில் விழும் கீறலை எடுக்க எல்லா மெட்டையும் தேய்க்க வேண்டிவரும். தோண்டிய பலகையில் அழுத்தி வாசிக்கும் பழக்கம் உள்ளவருக்கு ஒவ்வொரு சுரமும் சுருதி ஏறி ஒலிக்கும். கை இலேசானவர்களுக்குத்தான் இது.

மெட்டுப் பலகையின் மரம் பெரும்பாலும் ஈட்டி (ரோஸ்வுட்). மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்த மரம் 1960களின் நடுவிலிருந்து அமெரிக்கக் கிட்டார்களுக்குப் போகிறது. 2017 ஜனவரியில் ஈட்டியின் பேரினம் முழுவதையும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தபோது கிட்டார் ஏற்றுமதி திண்டாடிப்போனது. 2019 நவம்பரில் செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்கு கொடுத்தார்கள்.

நட்டை மறந்துவிடுகிறார்கள்

இழுத்துவிட்ட தந்தி பழைய சுருதிக்குத் திரும்பவில்லை என்றால் எல்லோரும் பிருடையைத்தான் திட்டுகிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி நட். பள்ளம் குறுகலாக இருந்தால் தந்தி அதில் சிக்கி, இழுத்த பிறகு பாதி வழியில் நின்றுவிடும். பிருடையைத் திருப்பும்போது "டிங்" என்று ஒரு துள்ளல் சத்தம் கேட்டால் அதுதான் அடையாளம். பென்சில் முனையைப் பள்ளத்தில் தேய்த்துவிடுங்கள், கிராஃபைட் வழுவழுப்பாக்கும். அதற்கும் மசியாவிட்டால் பள்ளத்தைத் தந்தியின் தடிமனுக்கு மேல் ஒரு நூலளவு அகலப்படுத்த வேண்டும். பிருடையில் தந்தி மூன்று சுற்றுக்கு மேல் இருந்தாலும் இதே கோளாறு வரும்.

பள்ளத்தின் ஆழத்துக்கு ஒரு கைச்சோதனை. மூன்றாம் மெட்டுக்கு முன்னால் தந்தியை அழுத்திப் பிடியுங்கள். இப்போது முதல் மெட்டின் மேல் தந்திக்கும் உலோகத்துக்கும் நடுவே ஜெராக்ஸ் தாள் ஒன்று இலேசாக உரசிக்கொண்டு நுழைய வேண்டும். அந்தத் தாள் 0.1 மி.மீ. தாள் விழுந்துபோகிற அளவு இடமிருந்தால் நட் உயரம். முதல் இரண்டு மெட்டில் எல்லா சுரமும் கொஞ்சம் தூக்கலாகப் பேசும், எவ்வளவு சுருதி சேர்த்தாலும் சேராது. தாள் நுழையவே இல்லையென்றால் வெறும் தந்தி தட்டும்போது இரையும். ஆழப்படுத்துவதென்றால் இரண்டு இழுப்பு அரம், ஒரு சோதனை, மறுபடி இரண்டு இழுப்பு. பள்ளம் பிருடைப் பக்கம் சரிந்திருக்க வேண்டும். மட்டமாக அறுத்தால் தந்தி எங்கே தொடங்குகிறது என்பதே நிச்சயமில்லாமல் சிதார் போல இரைய ஆரம்பிக்கும்.

கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பியைத் திருகுவது இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டிய வேலை. முதல் மெட்டையும் கடைசி மெட்டையும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்தால் ஏழாம் மெட்டில் 0.2 முதல் 0.3 மி.மீ. இடைவெளி தெரிய வேண்டும், ஒரு விசிட்டிங் கார்டு அளவு. அதிகமாக இருந்தால் வலப்புறம் கால் சுற்று. கால் சுற்றுக்கு மேல் ஒரே நாளில் வேண்டாம். மரம் மெதுவாகத்தான் நகரும். சாவி விஷயத்தில் ஜாக்கிரதை. அமெரிக்கக் கிட்டார்களில் பலவற்றின் துளை 1/8 அங்குலம், அதாவது 3.175 மி.மீ. நம் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் 3 மி.மீ. ஆலன் கீ அதில் பொருந்துவது போலவே இருக்கும், திருப்பினால் மூலைகளை மழுக்கிவிடும். மழுங்கிய பிறகு கழுத்தையே மாற்ற வேண்டியதாகிவிடலாம்.

கரண்ட்

பிக்கப் என்பது காந்தமும் அதைச் சுற்றிய கம்பியும். ஸ்ட்ராடோகாஸ்டர் வகையில் முடியை விட மெல்லிய கம்பி சுமார் 8,000 சுற்று. இரும்புத் தந்தி அசைந்தால் கம்பியில் மின்சாரம் பிறக்கும். இரும்பு மட்டும்தான், வெண்கலச் சுற்றுள்ள அக்கூஸ்டிக் தந்தியை இதில் மாட்டினால் உள்ளே இருக்கும் எஃகுக் கம்பி மட்டும் கேட்கும், கீழ்த் தந்திகள் செத்துப்போகும். வீணைக்குக் காந்தப் பிக்கப் மாட்ட நினைப்பவர்களும் இதை யோசிக்க வேண்டும். முதல் தந்தியான சாரணி எஃகு, அது கேட்கும். பித்தளைத் தந்தி கேட்காது. பெங்களூர் ரேடல் நிறுவனத்தின் எலெக்ட்ரானிக் வீணையில் குடத்தை எடுத்துவிட்டு மெழுகில்லாத மெட்டுகளை வைத்தார்கள். மெழுகு உருகி மெட்டு நகர்வதும், மறுபடி மேளம் கட்ட, அதாவது மெட்டுகளை மெழுகில் பதிக்க, ஆள் தேடுவதும் ஒழிந்தன. வெளியூர்க் கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு அது எவ்வளவு நிம்மதி என்று சொல்லத் தேவையில்லை.

பிக்கப்பைத் தந்திக்கு நெருக்கி வைத்தால் சத்தம் கூடும். அதோடு காந்தம் தந்தியைப் பிடித்திழுக்கவும் ஆரம்பிக்கும், தடித்த தந்திகளில் ஒரே சுரம் இரண்டாகப் பிளந்து அலை அலையாகக் கேட்கும், கார்வை குறுகும். கடைசி மெட்டை அழுத்திப் பிடித்தபடி, தடித்த தந்திப் பக்கம் 2.4 மி.மீ., மெல்லிய தந்திப் பக்கம் 2 மி.மீ. என்று ஆரம்பித்துக் காதால் சரிசெய்யுங்கள்.

ஒற்றைச் சுருள் பிக்கப் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் பிடிக்கும். கிப்ஸனில் சேத் லவர் இரண்டு சுருளை எதிரெதிராகச் சுற்றி, காந்தத்தையும் திருப்பிவைத்தார். தந்தியின் ஒலி இரண்டிலும் கூடும், வெளி இரைச்சல் ஒன்றையொன்று அழிக்கும். 1957 முதல் அது கிட்டார்களில் வந்தது. ஒற்றைச் சுருளுக்கு 250 கிலோ ஓம் வால்யூம் பொட்டென்ஷியோமீட்டர், இரட்டைக்கு 500. மாற்றிப் போட்டால் முதலாவது கீச்சிடும், இரண்டாவது மந்தமாகும்.

நம் வீடுகளில் இரைச்சலுக்குப் பெரிய காரணம் ஃபேன் ரெகுலேட்டர். வழுவழுவென்று சுழலும் எலெக்ட்ரானிக் வகை மின்னலையை வெட்டி வெட்டி அனுப்பும், ஒற்றைச் சுருள் அதை உறுமலாகப் பிடிக்கும். ஃபேனை முழு வேகத்தில் வைத்துப் பாருங்கள், உறுமல் நின்றால் ரெகுலேட்டர்தான். கெபாசிட்டர் உள்ள படிப்படியான வகைக்கு மாற்றினால் தீர்ந்தது. அடுத்து எர்த். பெங்களூரின் அல்சூர், மல்லேஸ்வரம் பக்கத்துப் பழைய வீடுகளில் மூன்று துளை பிளக் இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பி இருக்காது. கிட்டாரின் தந்திகள் எல்லாம் ஆம்ப்ளிஃபயரின் எர்த்தோடு இணைந்தவை. எர்த் இல்லாத ஆம்ப்பில் கசிவு வந்தால் தந்தியில் கரண்ட் வரும். அதைப் பிடித்தபடி மைக்கைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. மல்ட்டிமீட்டரில் ஃபேசுக்கும் எர்த்துக்கும் 230 வோல்ட்டை ஒட்டியும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள்ளும் காட்ட வேண்டும். பளபளவென்ற புது பிளக்கைப் பார்த்து நம்பாதீர்கள். ஜெனரேட்டரில் ஓடும் பந்தல் மேடைகளில் இதை அளக்காமல் கிட்டாரைத் தொடவே வேண்டாம்.

மிச்ச இரைச்சலுக்குக் கிட்டாரின் உட்குழிக்குச் செம்புத் தகடு டேப் ஒட்டுவார்கள். பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் டேப்பும் நல்ல பொட்டென்ஷியோமீட்டரும் கிடைக்கும். துண்டுகள் ஒன்றோடொன்று படும் இடத்தில் ஒரு சொட்டு ஈயம் வையுங்கள், பசை பல டேப்களில் மின்சாரத்தைக் கடத்தாது. எந்த மூலையைத் தொட்டாலும் மீட்டரில் ஒரு ஓமுக்குள் வர வேண்டும். வேலை முடிந்து மாட்டியதும் சத்தமே வரவில்லையென்றால், ஜாக்கின் நடு முனை டேப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு. பொட்டென்ஷியோமீட்டரின் முதுகில் பற்றவைக்க 25 வாட் அயர்ன் போதாது. அதை நிமிடக்கணக்கில் அழுத்திப் பிடித்து உள்ளே இருக்கும் கார்பன் தடத்தைப் பொசுக்குவதற்குப் பதில், முதுகை எமரியால் சுரண்டிவிட்டு 40 அல்லது 60 வாட்டில் நான்கைந்து விநாடியில் முடித்துவிடுங்கள்.

வயலின்காரர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. கட்டை வயலின்களில் பெரும்பாலும் குதிரைக்குள், அழுத்தத்தை மின்சாரமாக்கும் பீசோ இருக்கும். அதை நேராக மிக்ஸரில் குத்தினால் தகரம் தட்டுவது போல இருக்கும். நடுவில் 1 மெகா ஓம் உள்ளீடு உள்ள ப்ரீஆம்ப் (முன்பெருக்கி) கட்டாயம் வேண்டும். இன்னொன்றை யாரும் கவனிப்பதில்லை: நாம் உட்கார்ந்து, வயலின் தலையைக் கணுக்கால் அருகே ஊன்றி வாசிக்கிறோம். தலையில்லாத, எலும்புக்கூடு போன்ற வடிவங்கள் நின்று வாசிப்பவர்களுக்காகச் செய்தவை, ஊன்ற இடமிருக்காது. வாங்குமுன் தரையில் உட்கார்ந்து பாருங்கள்.

சென்னை டிசம்பர், பெங்களூர் மார்ச்

டிசம்பர் சீசனுக்குச் சென்னை போய்த் திரும்பும் கிட்டார் கடற்காற்றின் ஈரத்தைக் குடித்துவிட்டு வரும். பிப்ரவரி, மார்ச்சில் பெங்களூர்க் காற்று வறண்டுவிடும். மெட்டுப் பலகை குறுக்கே சுருங்கும், உலோக மெட்டு சுருங்காது. கழுத்தின் ஓரத்தில் கையை ஓட்டினால் மெட்டு முனைகள் பிறாண்டும். மெல்லிய அரத்தை 45 டிகிரியில் பிடித்துப் பிறாண்டும் முனைகளை மட்டும் இரண்டு மூன்று முறை தேய்த்தால் போதும். மார்ச்சில் சரிசெய்தது மழைக்காலத்தில் தொல்லை தராது. கழுத்தும் பெரும்பாலும் இந்த மாதங்களில் நிமிர்ந்து தந்தி இரையும். கழுத்துக் கம்பியைக் கால் சுற்று இடப்புறம் தளர்த்தி, ஜூலையில் திரும்பப் பாருங்கள்.

இதே காரணத்துக்காக, சொந்தமாக உடம்பு செய்பவர்கள் மைசூர் ரோடு டிம்பர் யார்டில் வாங்கிய பலகையை அன்றே அறுக்கக் கூடாது. 50 மி.மீ. பலகையாக வாங்கி, நிழலில் இடைக்கட்டை வைத்து அடுக்கி, வாரம் ஒருமுறை தராசில் நிறுத்து எழுதிவையுங்கள். எடை இறங்குவது நின்ற பிறகு 44.5 மி.மீ.க்கு இழைக்கலாம். பலா, தேக்கு, மகோகனி எதுவும் சரி. எடையும் இழைப்பும்தான் வித்தியாசம். தேக்கில் எண்ணெய் உண்டு, ஒட்டுமுன் அசிட்டோனால் துடையுங்கள். கழுத்துக் குழி 16 மி.மீ. ஆழம், கழுத்து கையால் அழுத்தி உள்ளே போக வேண்டும், தூக்கினால் உடனே விழக் கூடாது. குதிரைக்குத் துளை போடுமுன் நட்டின் இரு ஓரத்திலிருந்தும் நூல் இழுத்து, அது பலகையின் இரு விளிம்புக்கும் சம தூரத்தில் போகிறதா என்று பார்த்து, அதன் பிறகே குதிரையின் இடத்தைக் குறியுங்கள். அங்கே இரண்டு மில்லிமீட்டர் பிசகினால் ஓரத் தந்தி பலகையை விட்டு வழுக்கி விழும். ஸ்குரு உடம்பின் துளையில் தாராளமாகச் சுழல வேண்டும், கழுத்து மரத்தில் மட்டும்தான் கடிக்க வேண்டும். இரண்டிலும் கடித்தால் எவ்வளவு முறுக்கினாலும் நடுவே முடியளவு சந்து நிற்கும், கார்வை அங்கே கசியும். ஸ்குருவை மெழுகுவர்த்தியில் ஒருமுறை தேய்த்துக்கொண்டால் மேப்பிளில் முறியாது.

கடைசியாக ஸ்கூட்டர். துணிப் பையில் கிட்டாரை முதுகில் மாட்டிக்கொண்டு சில்க் போர்டு நெரிசலில் போகிறவர்கள் நிறைய. கிப்ஸன் வகையில் தலை 17 டிகிரி பின்னால் சாய்ந்தது, நட்டுக்குப் பின்னால் கழுத்துக் கம்பிக்காக மரத்தைக் குடைந்திருப்பார்கள், அந்த இடம்தான் முறியும். ஃபெண்டர் தலை ஒரே பலகையில் நேராக அறுத்தது, அவ்வளவு சுலபத்தில் முறியாது. பைக்குள் தலைக்கு அடியில் அல்ல, நட்டுக்குச் சற்றுக் கீழே கழுத்துக்கு அடியில் சுருட்டிய துண்டை வையுங்கள், தலை அந்தரத்தில் நிற்க வேண்டும். முறிந்துவிட்டால் உடனே தந்திகளைத் தளர்த்துங்கள், சிலும்புகளைப் பிய்க்காதீர்கள், ஃபெவி குயிக் பக்கம் போகவே போகாதீர்கள். அது ஒருமுறை ஊறிவிட்டால் வேறு எந்தப் பசையும் அங்கே பிடிக்காது. சிலும்பு சிலும்பாகப் பிளந்த முறிவில் தச்சர்கள் போடும் மஞ்சள் மரப்பசையை இரு முகத்திலும் தடவி, கவ்வி வைத்து இறுக்கி, 24 மணி நேரம் தொடாமல் விட்டால் ஒட்டிய இடம் மரத்தைவிட வலுவாக நிற்கும். தந்தியை மட்டும் மூன்று நாள் கழித்துக் கட்டுங்கள்.